நோஞ்சானுக்கு மட்டும் ஊசி

ஜூலை 4

வாலுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். வைத்துக்கொள், யார் வேண்டாம் என்றது. படித்து முடித்துவிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

போனில் கூப்பிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் மலை ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிற ஒரே போன் இயக்குநர் மேசையில் இருக்கிறது. நான் கேட்கப்போகிற விஷயம் அவர் காதில் விழ வேண்டாம். அதுவும் போக, போன தடவை நான் கூப்பிட்டபோது நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பட்டப்பகலில் ஆபீஸில் குளிக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்று. "இன்னும் ஒரு பருவம் சோதிச்சுப் பார்த்துட்டு உங்க அண்ணனுக்கு விதை குடேன்." அதற்கு நீ, "உங்க வீட்டுக்காரர் வயலுன்னதும் உங்களுக்கு வலிக்குதா" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனாய். உன் அண்ணன் பஸ் நிறுத்தம் வரை உன் பின்னாலேயே வந்தார் அல்லவா? திரும்பி வந்து செய்த முதல் காரியம், மொத்த வயலுக்கும் உன் சண்டியரையே விதைத்ததுதான். தங்கை உருவாக்கிய நெல், குலைநோய் கிட்டவே வராத நெல், அதற்கு ஊருக்கெல்லாம் விதை பெருக்கிக் கொடுக்கப்போகிறவர் அவர் என்று ஒரே பெருமை. வரப்பில் பெரிதாகச் 'சண்டியர்' என்று எழுதிப் பலகை நட்டிருக்கிறார். வழியில் போகிறவர்கள் வயலில் யாரோ ரவுடி இருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சோதனைக்கான குலைநோய்ப் பூஞ்சையை என் ஆய்வகத்திலிருந்துதான் அனுப்பினேன். நீ அதை அங்கே தட்டுகளில் பெருக்கி, கரைத்து, செடிகள் மேல் தெளித்தாய். எல்லாம் முடிந்ததும் வழக்கப்படி ஒரு தட்டை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தாய். அது குளிர்பெட்டியில் அப்படியே கிடந்தது. நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன்.

நான் அனுப்பியது சாம்பல் நிறம், நடுவில் கறுப்பு. தட்டோடு ஒட்டிக்கொண்டு மெலிவாக வளரும். நீ திருப்பியனுப்பியது வெளுத்துப் போயிருக்கிறது. பஞ்சு மாதிரி கொழுகொழுவென்று மூடியைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. உடனே ஓடிப்போய், உனக்குப் பூஞ்சை எடுத்தனுப்பிய தாய்த் தட்டை எடுத்துப் பார்த்தேன். அது சாம்பலாகத்தான் இருக்கிறது. அப்பாடா என்று இருந்தது. என் பக்கம் தப்பில்லை என்று நிம்மதிப்பட்ட என் புத்தியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அது எப்போது வெளுத்தது? சண்டியர் மேல் தெளித்தபோது என்ன நிறத்தில் இருந்தது? கூடவே நோஞ்சானையும் வைத்துச் சோதித்திருப்பாயே, அது செத்ததா? எந்த நோய் வந்தாலும் முதலில் விழுகிற அந்தப் பழைய ரகத்துக்கு நோஞ்சான் என்று பெயர் வைத்ததே நீதான். அது விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் எழுது. கோபத்தை வேண்டுமானால் தனித் தாளில் எழுது.

அண்ணி


ஜூலை 12

அண்ணிக்கு,

தனித் தாள் கிடைக்கவில்லை. கோபமும் இதிலேயே வருகிறது.

முதலில் குளியல். அன்று தெளிப்பான் குழாய் பிய்த்துக்கொண்டு என்னைத் தலையோடு கால் நனைத்துவிட்டது. நிஜமாகவே குளித்துக்கொண்டுதான் இருந்தேன். நம்பினால் நம்புங்கள்.

அடுத்து, நிறம். நிலவில் கூடக் கறை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆள் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் பூஞ்சையைப் புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தபோது, ஒரு தட்டில் ஓரத்திலிருந்து விசிறி மாதிரி ஒரு துண்டு மட்டும் வெள்ளையாகக் கிளம்பியது. மற்றதெல்லாம் நகராமல் கிடக்க, அது மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்தது. அதிலிருந்துதான் எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றினேன். நன்றாக வளர்கிற ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது யார் சொல்லிக் கொடுத்த பாடம்? உங்களிடம் வேலை கற்ற எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். மெலிந்த பூஞ்சையை வைத்துச் சோதித்து, என் ரகம் ஜெயித்தது என்று சொன்னால்தான் கேவலம். நான் கொழுத்ததை வைத்துச் சோதித்தேன். அதையும் சண்டியர் தாங்கியது.

நோஞ்சான் செத்ததா என்று கேட்டீர்கள். செத்தது. பிரமாதமாகச் செத்தது. அதன் தொட்டிகள் பெரியவை, கண்ணாடிக் கூடத்தில் இடமில்லை, பின்னறையில் வைத்திருந்தோம். தெளிப்பான் குழாய் அங்கே எட்டாது. அதனால் எங்கள் ஆய்வக உதவியாளர் ஊசியக்கா, ஒவ்வொரு செடியின் தண்டிலும் பூஞ்சைக் கரைசலை ஊசியில் ஏற்றினார். அவருக்குக் கை கொஞ்சமும் நடுங்காது, பெயரே அதனால் வந்ததுதான். ஊசி போடுவதும் புத்தகத்தில் இருக்கிற முறைதான், நாங்களாகக் கண்டுபிடித்ததில்லை. நோஞ்சானில் ஒரு செடி மிச்சமில்லை. கூடத்தில் சண்டியர் மட்டும் ஒரு புள்ளிகூட விழாமல் நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

செப்டம்பர் முதல் வாரம் விதை வெளியீட்டுக் குழு கூடுகிறது. அவர்கள் சரி என்றால் கிடங்கிலுள்ள மூட்டைகளும் அண்ணன் அறுவடையும் சேர்ந்து எல்லோருக்கும் போகும். இந்த நெல்லுக்காகத்தான் இந்த மலையில் குளிரில் கிடந்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வீட்டில் எனக்காகச் சண்டை போட்டவரும் நீங்கள்தான். "அவ வேலையை முடிக்கட்டும், மாப்பிள்ளை எங்கயும் ஓடிப்போயிட மாட்டான்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் அன்று சாப்பாட்டை முடிக்க முடியாமல் எழுந்தேன். வேறு யார் சந்தேகப்பட்டிருந்தாலும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பேன்.

வாலு


ஜூலை 19

வாலுக்கு,

நீ சாப்பிடாமல் போனது எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

உன் கடிதத்தில் 'ஊசி' என்று படித்ததும் கடிதத்தோடு ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். ஆனாலும் முதல் தடவை படிப்பது போல நிதானமாகப் படி.

இந்தப் பூஞ்சையின் வித்து இலையில் விழுந்ததும், கண்ணுக்குத் தெரியாத குமிழ் ஒன்றை ஊன்றிக்கொள்கிறது. குமிழுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஏற ஏற, இலையின் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. அந்த அழுத்தம் கசிந்துவிடாமல் பிடித்து வைப்பது குமிழின் சுவரிலுள்ள கறுப்புச் சாயம். அதைச் செய்கிற மரபணு ஒன்றில் சின்னப் பிசகு ஏற்பட்டாலும் சாயம் போய்விடும். பூஞ்சை வெளுத்துவிடும். தட்டில் அதற்கு எந்தக் குறையும் இல்லை, நாம்தான் கூழ் காய்ச்சி ஊட்டி விடுகிறோமே. ராஜா மாதிரி வளரும். இலை மேல் போட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்து செத்துப்போகும்.

ஆனால் தண்டில் ஊசி போட்டால் நாமே வாசலைத் திறந்துவிட்டது போல ஆகிறது. உள்ளே போன பிறகு அதற்குக் கறுப்புச் சாயம் தேவையில்லை. தின்றுவிடும்.

புரிகிறதா? நோஞ்சானுக்கு மட்டும் ஊசி. சண்டியருக்குத் தெளிப்பு மட்டும். நோஞ்சான் செத்தது ஊசியால். சண்டியர் பிழைத்தது, அதை எதுவும் தாக்கவே இல்லை என்பதால். சண்டியருக்கு நோயைத் தாங்கும் சக்தி இருக்கிறதா இல்லையா என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தட்டில் வளர்கிற வேகம் வேறு, செடியைக் கொல்கிற வேகம் வேறு. நன்றாக வளர்கிற ஓரத்திலிருந்து எடு என்று நான் சொல்லிக் கொடுத்தது உண்மை. நிறம் மாறியதைத் தூக்கிப் போடு என்றும் சொல்லிக் கொடுத்தேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. சொல்லாமல்கூட விட்டிருக்கலாம்.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். உன் வெளுத்த பூஞ்சையை நோஞ்சான் மேல் ஊசி போடாமல் தெளித்துப் பார். இது முதலாவது. இந்தப் பார்சலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் அனுப்பியிருக்கிறேன், உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சை, கைவசம் இருந்தது. அதைச் சண்டியர் மேல் தெளி. இது இரண்டாவது. தனிக் கூண்டில் கதவு ஜன்னல் மூடி வைத்துச் செய். முடிந்ததும் செடி, மண், துடைத்த துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கொன்றுவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒரு வித்துகூட மலையை விட்டு இறங்கக்கூடாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. வயல் பக்கம் போகவே கால் வரவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணிக்கு,

முதல் காரியத்தைச் செய்துவிட்டேன். வெளுத்ததை நோஞ்சான் மேல் தெளித்தேன். தினமும் காலையில் போய்க் கூண்டுக்கு முன்னால் நின்றேன். ஒரு புள்ளி விழாதா என்று வேண்டிக்கொண்டேன். செடிக்கு நோய் வரட்டும் என்று நான் வேண்டுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஒன்றும் விழவில்லை. எந்த நோய் வந்தாலும் விழுகிற நோஞ்சான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

நீங்கள் அனுப்பிய குழாயை இன்னும் திறக்கவில்லை. குளிர்பெட்டியில், பின்வரிசையில், மற்றக் குழாய்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வேறு எதையோ எடுக்கப் போனாலும் கண் அதன் மேல்தான் போகிறது. ஊசியக்கா என்ன ஏது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கை நடுங்காமல் செய்த வேலைதான் என்னைக் கெடுத்தது என்றா? ஊசி போடச் சொன்னது நான். அவர் சொன்னதைச் செய்தார்.

திறந்து தெளித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போல இருக்கிறது. தெளிக்காத வரை தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இது கோழைத்தனம்தான். நீங்கள் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

இங்கே எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. குழு வரும்போது போட இயக்குநர் என் அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியிருக்கிறார். சமையலறையில் வேலை செய்கிறவர், "உங்க நெல்லைத்தான் எங்க தம்பி வயல்லயும் போடப்போறோம்" என்று என் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறார். கிடங்குப் பக்கம் போனால் மூட்டைகள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயப்படுகிறேன்.

அண்ணன் வயல் எப்படி இருக்கிறது? நீங்கள் ஒரு கடிதத்திலும் அதைப் பற்றி எழுதவில்லை. இப்போது தூர் கட்டுகிற சமயம். இலையில் ஏதாவது தெரிகிறதா? கண் வடிவத்தில், ஓரம் பழுப்பாக, நடுவில் சாம்பலாக? அண்ணி, உண்மையைச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். நல்லதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. அண்ணனிடம் எதுவும் சொல்லாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். பஸ் நிறுத்தத்தில் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க அண்ணி பயந்த சுபாவம், நீ மனசுல வச்சுக்காத. நீ குடுத்தது கல்லா இருந்தாலும் நான் விதைப்பேன்." அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

வாலு


ஆகஸ்ட் 8

வாலுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இது மூன்றாவது.

பைத்தியம் பிடிக்கவில்லை. பயம் பிடித்திருக்கிறது. பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படுவது ஒன்றும் நோயில்லை. ஊசியக்காவிடம் சொல்லிவிடு. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொள்வது அவருக்கு மேல். கூண்டில் உனக்குத் துணைக்கு நடுங்காத ஒரு கை வேண்டும்.

வயலைக் கேட்டாய். பயிர் வளர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே காலையில் பனிமூட்டம் இறங்க ஆரம்பித்துவிட்டது. வெயில் ஏறிய பிறகும் இலைகளில் ஈரம் காய மாட்டேன் என்கிறது. இதற்கு மேல் இப்போது எழுத முடியாது, விடு.

உன் அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். ஓடாத மோட்டாரை ரிப்பேர் செய்வார்கள், அவர் நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார். கேட்டால், "சத்தம் சரியில்ல" என்கிறார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், சாப்பிடுகிறார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது.

நீ எழுதியதில் ஒன்றுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெளிக்காத வரை தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாயே, அது உனக்குச் சரி. அந்த மூட்டைகளை வாங்கி விதைக்கப்போகிறவர்களுக்கு? சமையலறைக்காரரின் தம்பிக்கு? கதிர் வந்து பால் பிடிக்கிற சமயத்தில் இந்தப் பூஞ்சை கழுத்தில் ஏறினால் கதிர் மொத்தமும் பதராகிவிடும். நீ எத்தனை வயலில் பார்த்திருக்கிறாய். அங்கே நிற்கிற ஆளின் முகத்தையும் பார்த்திருக்கிறாய்.

அதனால் கறாராகவே சொல்கிறேன். குழாயைத் திற. குழு கூடுவதற்குள் சண்டியரைச் சோதித்து, என்ன வந்தாலும் அதை நீயே குழுவுக்கு எழுது. நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். எழுதிவிட்டு உன் முகத்தில் எப்படி முழிப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதுவேன். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோய்விடாதே, கண்ணு.

அண்ணி


ஆகஸ்ட் 21

அண்ணிக்கு,

முடிந்தது.

ஊசியக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அழுதது போதும், செடியை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கூண்டைக் கழுவப் போய்விட்டார். இரண்டு பேரும் சேர்ந்துதான் தெளித்தோம். இந்தத் தடவை சண்டியரும் நோஞ்சானும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கூண்டில், ஒரே தெளிப்பு. முன்னாலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். பெரிய தொட்டி, சின்னத் தொட்டி என்று சோம்பேறித்தனமாகப் பிரித்து வைத்ததால் வந்த வினை.

நான்கைந்து நாள் ஒன்றுமில்லை. எனக்குள் ஒரு முட்டாள் நம்பிக்கை எழுந்தது. அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்தபோது சண்டியரின் இலைகளில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள். மறுநாள் அவை கண்களாகிவிட்டன. இலை முழுக்கக் கண்கள், அத்தனையும் என்னைப் பார்க்கின்றன. ஊசியக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சண்டியர் நோஞ்சானோடு சேர்ந்து சாய்ந்தது, ஒரு நாள்கூட அதிகம் தாங்கவில்லை.

இயக்குநரிடம் அன்றே போனேன். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "ஊசி போட்டது ஒரு சின்ன நடைமுறை விஷயம். அறிக்கையில அந்தப் பக்கத்தையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க" என்றார்.

"பூஞ்சை அறிக்கை படிக்காதுங்க சார். நேரா வயலுக்குப் போயிடும்" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. சண்டியரைத் திரும்பப் பெறுகிறேன், கிடங்கு மூட்டைகளை விதைக்கு விடக்கூடாது என்று குழுவுக்கு எழுதி, அவர் முன்னாலேயே உறையை ஒட்டினேன். என்ன நடந்தது, எப்படி நடந்தது, ஊசி, தெளிப்பு, வெளுத்த பூஞ்சை, எல்லாம் அதில் இருக்கிறது. என்னை வைத்திருப்பார்களா, அனுப்புவார்களா, தெரியவில்லை. புதுத் திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன்.

பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. வேறு பக்கம் திரும்பியிருக்கிறது, அதைத்தான் இப்போது கேட்கப்போகிறேன்.

நீங்கள் அனுப்பிய பூஞ்சை கைவசம் இருந்தது என்றீர்கள். அண்ணி, நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். தட்டிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்து நாம் ஊட்டிவிட்டதைத் தின்ற பூஞ்சை சோம்பேறியாகிவிடும். செடியைத் தாக்குகிற வேகம் குறைந்துவிடும். உங்கள் குழாயில் இருந்தது இப்படிப் பாய்ந்ததை நான் எந்தப் பழைய இருப்பிலும் பார்த்ததில்லை. இது உயிருள்ள இலையிலிருந்து புதிதாக எடுத்தது.

எந்த இலை?

வாலு


ஆகஸ்ட் 27

வாலுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் நிலைய வேன் ஓட்டுநர் இங்கே வந்திருக்கிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் வயலில் எடுத்த இலை. பள்ளத்தில் இருக்கிற மூலைப் பாத்தியில்.

உனக்கு முதல் கடிதம் எழுதியதற்கு முந்தின நாள், உன் அண்ணன் என் ஆய்வகத்துக்கு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அங்கே வந்ததே இல்லை. மருந்து வாடை தலைவலி என்பார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு இலையை எடுத்து மேசை மேல் வைத்தார். "இது அதுதானான்னு பாரு" என்றார். பார்க்கத் தேவையே இல்லை. அதன் மேல் ஒரு கண் இருந்தது. அதற்குப் பிறகுதான் குளிர்பெட்டியில் கிடந்த உன் தட்டை எடுத்துப் பார்த்தேன்.

அன்றே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். அவர் விடவில்லை. அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"நாம சொன்னா அவளை நாமளே கீழ தள்ளின மாதிரி ஆயிடும். அவளே தேடட்டும், அவளே கண்டுபிடிக்கட்டும், அவ வாயாலயே நிறுத்தட்டும். அப்புறம் எவனும் அவளைப் பார்த்து விரல் நீட்ட முடியாது."

வயல் என்ன ஆவது என்றேன். "வயல் போனா அடுத்த வருஷம் வரும்" என்றார். குழு கூடுவதற்குள் நீ நிறுத்தாவிட்டால் நானே எழுதிவிடுவேன் என்ற நிபந்தனையின் பேரில்தான் ஒத்துக்கொண்டேன். அந்த இலையிலிருந்து பூஞ்சையை வளர்த்து எடுத்து, கைவசம் இருந்தது என்று பொய் சொல்லி அனுப்பினேன். நீ அண்ணனிடம் சொல்லாதே என்று எழுதுகிறாய். அவர் உன்னிடம் சொல்லாதே என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எப்படி மூச்சு விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ குழாயைத் திறக்க மாட்டாயோ என்று பயம். திறந்தால் உடைந்துவிடுவாயோ என்று பயம். உங்கள் நிலைய வேன் எங்கள் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் நீதான் இறங்குகிறாயோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

உன் கடிதத்தை நேற்று அவரிடம் வாசித்துக் காட்டினேன். பூஞ்சை அறிக்கை படிக்காது என்று நீ சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய் மோட்டாரைப் பூட்டி முடித்தார். இப்போது சத்தம் சரியாக இருக்கிறதாம்.

வயலை நினைத்து அழாதே. எங்களால் முடிந்தவரை மருந்தடித்துப் பார்த்தோம். பனி விடவில்லை. கதிர் வருவதற்குள் அழித்துவிட வேண்டும் என்று இன்று காலையிலிருந்து பயிரை அறுத்து எரித்துக்கொண்டிருக்கிறோம். பலகையையும் பிடுங்கிவிட்டார். ஆனால் மூலைப் பாத்தியை மட்டும் அறுக்க மாட்டேன் என்கிறார். பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டி வைத்திருக்கிறார். அதுதான் நோயின் கூடாரம், அதைத்தான் முதலில் எரிக்க வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்துவிட்டேன். "அவ வந்து கண்ணால பார்க்கட்டும். பார்க்காம எரிச்சா ஆயுசு பூரா, ஒருவேளை இல்லியோன்னு நினைச்சுக்கிட்டே கிடப்பா" என்கிறார். உன்னை எனக்கும் தெரியும். அவர் சொல்வது சரி என்றும் தெரியும்.

ஆனால் பக்கத்து வயல்களில் கதிர் வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அங்கே நிற்கிற நெல் சண்டியர்கூட இல்லை, நோஞ்சானுக்குச் சித்தப்பா பெரியப்பா முறை. காற்று கிளம்பினால் அந்தத் தாள் எதையும் தடுக்காது. நான் வரப்பில் நின்று காற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதே அந்தப் பிளாஸ்டிக் தாளின் ஒரு முனை படபடவென்று அடிக்கிறது.

படித்ததும் அதே வேனில் ஏறி வந்துவிடு. மாற்றுத்துணி எடுக்க வேண்டாம், இங்கே இருக்கிறது. ஊசியக்காவையும் கூட்டி வா. மூலைப் பாத்தியைச் சுற்றி வைக்கோல் போட்டுத் தயாராக இருக்கிறது. தீப்பெட்டியை உன் அண்ணன் அந்த இலை இருந்த சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறார்.

அண்ணி